பட்டினி ஷாட்

ஜனவரி 24, சனி. சஷ்டி

பதினெட்டு! பதினெட்டு கிலோ ஆம்பியர்! ஆறு வருடமாக ஒன்றைத் தாண்டாத கோடு இன்று பதினெட்டுக்கு ஏறி நின்றது. எழுத எழுத வரி கோணிக்கொண்டு போகிறது. பசியாகவும் இருக்கலாம், சஷ்டி விரதம்.

முறையாக எழுதுகிறேன். ஒன்பது மணிக்கு லேபுக்குப் போய், லாக் ஷீட்டில் தேதி, வெற்றிட அளவு, டிக் போடவேண்டிய கட்டங்கள் எல்லாவற்றையும் எப்போதும்போல முடித்து வைத்தேன். முடித்த கையோடு கரண்ட் போனது. பதினொன்றரைக்குத்தான் வந்தது. சனிக்கிழமைகளில் ஒரு மணிக்கு மேல் எங்கள் இயந்திரத்தை ஓட்ட அனுமதி கிடையாது. லேபின் தலைவர் நல்லசிவம் சார் வேகவேகமாக உள்ளே வந்து, "எல்லாம் ரெடிதானுங்களே அரசி?" என்றார். லாக் ஷீட்டைக் காட்டினேன். "அப்புறமென்ன, ஹைட்ரஜனைத் திறங்க" என்றார். திறந்தேன்.

முதல் ஷாட்டே, அதாவது இயந்திரத்தை முதல் முறை ஓட்டியதுமே, பதினெட்டு. நம்பாமல் மறுபடி போட்டோம். பதினெட்டு. ஷம்ஷாத் நாற்காலியிலிருந்து எழுந்தவள் உட்காரவே இல்லை. சார் ஓடிப்போய் மைசூர்பாகு வாங்கி வந்தார். நான் விரதம் என்றதும் ஒரு பெட்டியைத் தனியாகக் கட்டிக் கொடுத்தார். ஏழாவது ஷாட் முடிந்ததும் குளிர்நீர் பம்பு ஒழுக ஆரம்பித்து, எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. பரவாயில்லை, ஏழு போதும்.

தலைவலி இன்னும் போகவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

வீட்டில் மைசூர்பாகைத் தின்றுகொண்டே இவர் கேட்டார்: "பதினெட்டுன்னா எத்தன பல்பு எரியும்?"

ஒன்றும் எரியாது என்றேன். அந்த மனிதரின் முகம் வாடிப்போனது. பாவமாக இருந்தது, விளக்கினேன். எங்கள் இயந்திரத்துக்குக் காகிதத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு, நாங்கள் பானை என்போம். ஆள் உயர ஸ்டீல் பானை. அதற்குள் ஹைட்ரஜனைச் சூடாக்கினால் பிளாஸ்மா, அதாவது மின்சாரம் பாயக்கூடிய வாயு, ஆகும். அது பானையின் சுவரைத் தொட்டால் அந்த நொடியே அணைந்துவிடும். தொடாமல் நடுவில் நிறுத்திவைக்கக் காந்தப்புலம் வேண்டும். காந்தப்புலம் மட்டும் போதாது, பிளாஸ்மாவுக்குள்ளேயே ஒரு கரண்ட் வட்டமாக ஓட வேண்டும். பெரிய இயந்திரங்களில் நடு ஓட்டையில் ஒரு காயிலை வைத்து அந்தக் கரண்டைத் தூண்டுவார்கள். எங்களுடையது சின்னப் பானை, நடுவில் கை நுழையும் அளவுக்குத்தான் இடம். அங்கே காயிலுக்கு வழியில்லை. மைக்ரோவேவ் அலையால் எலக்ட்ரான்களை ஒரே திசையில் தள்ளிவிட்டுக் கரண்டை ஓடவைப்பது ஷம்ஷாத்தின் யோசனை. அதில்தான் பதினெட்டு.

"அதாவது, அந்தப் புள்ள ஜெயிச்சிருச்சு" என்றார்.

ஷம்ஷாத் பேகத்துக்கு இருபத்தொன்பது வயது. ஆறு வருடமாக இந்தப் பானையோடு மல்லுக்கட்டி ஆராய்ச்சிப் படிப்பை முடிக்கப்போகிறாள். கரும்புக்கடைப் பகுதியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். ஆமாம், ஜெயித்துவிட்டாள் என்றேன்.

ஜனவரி 28, புதன்

பம்பு இல்லாமல் பானையை ஓட்ட முடியாது. பழுது பார்க்கிறவர் நாளைக்கு என்கிறார். ஊரெல்லாம் பம்பு செய்து நாடு முழுக்க அனுப்பும் கோயம்புத்தூரில், எங்களுக்கு ஒரு பம்பு நாளைக்குத்தான் கிடைக்கும்.

மதியம் ஷம்ஷாத் தன் ஆய்வேட்டிலிருந்து ஒரு பத்தியைப் படித்துக் காட்டினாள். "ஒவ்வொரு நாளும் முதல் ஷாட் வாயு இல்லாமல் எடுக்கப்பட்டு, அதன் அளவு மற்ற ஷாட்களிலிருந்து கழிக்கப்பட்டது. சரிதானுங்களேக்கா?"

அதற்குப் பட்டினி ஷாட் என்று பெயர் வைத்ததே நான்தான். பானைக்குள் ஒன்றும் விடாமல் காயில்களை மட்டும் ஓட்டிப் பார்ப்பது. பிளாஸ்மா இல்லாதபோதும் கருவி எதையாவது காட்டும், காயில்களின் சலசலப்பு அது. கம்ப்யூட்டர் கடைசியாக எடுத்த பட்டினி ஷாட்டை நினைவில் வைத்துக்கொண்டு தானாகவே கழித்துவிடும். மிச்சம் வருவதுதான் பிளாஸ்மாவின் கரண்ட்.

சரிதான் என்றேன்.

மாலையில் முருங்கைக்காய் சாம்பார். உப்பு இரண்டு முறை போட்டுவிட்டேன் போல.

ஜனவரி 30, வெள்ளி

கேமரா படங்களைப் பெயர் மாற்றி அடுக்கினேன். இருபதாம் தேதி ஷாட்களும் இருபத்துநாலாம் தேதி ஷாட்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஒரே வெளிச்சம். கரண்ட் பதினெட்டு மடங்கு ஏறினால் கொஞ்சமாவது பிரகாசமாக வேண்டாமா?

கேமரா பார்க்கும் பானைக் கண்ணாடி அழுக்காக இருக்கும். லேப் உதவியாளர் காளியப்பண்ணனிடம் துடைக்கச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். மருதமலைக்குப் போகலாம் என்று இவர் சொன்னார். கூட்டத்துக்குப் பயந்து போகவில்லை. போர்வைகளைத் துவைத்தேன், அலமாரியை ஒழித்தேன், சுத்தமாக இருந்த மிக்ஸி ஜாடிகளை மறுபடி கழுவினேன். "வீட்டுக்கு யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டார்.

காளியப்பண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாராம். "அழுக்கே இல்லீங்க அம்மணி" என்று வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டார். அதை ஏன் அன்றைக்கு எழுதவில்லை என்று தெரியவில்லை.

பிப்ரவரி 4, புதன்

ஷம்ஷாத்துக்கு ஜெர்மனியில் ஓர் ஆய்வகத்தில் இடம் தருகிறார்கள்! பதினெட்டைப் பார்த்துவிட்டுத்தான். மார்ச் பத்தாம் தேதிக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். அவள் கணவர் அஸ்லமும் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வருகிறாராம். "மாமியாருகிட்ட இன்னும் சொல்லலீங்கக்கா, மொதல்ல உங்ககிட்டத்தான்" என்றாள். கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

போகும்போது கேட்டாள்: "இருபத்தி நாலாந்தேதி பட்டினி ஷாட் ஃபைலை அனுப்பிவிடுங்கக்கா. பின்னிணைப்புல போடணும்."

அனுப்பினேன். இருபதாம் தேதி எடுத்ததை. கம்ப்யூட்டர் கழித்ததும் அதைத்தானே. நான்கு நாளில் பானையில் என்ன மாறிவிடப்போகிறது?

பிப்ரவரி 5, வியாழன்

மாறியது. மாறவில்லை என்று நான் சொல்லமாட்டேன். இருபத்திரண்டாம் தேதி, மதிப்பீட்டுக் குழு வருகிறதே என்று நடைவழியை ஒழுங்கு செய்தோம். தரையில் கிடந்த வெளிக்காயில் கம்பிகளை, காந்தப்புலத்துக்காகப் பானைக்கு வெளியே வைத்த காயிலுக்குக் கரண்ட் கொண்டுபோகிறவற்றை, யார் காலையும் தடுக்காமல் ஓரமாகக் கட்டச் சொன்னேன். காளியப்பண்ணன் அழகாகக் கட்டினார்.

கம்பியை ஓரமாகக் கட்டினால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது.

பிப்ரவரி 9, திங்கள்

ஷம்ஷாத் கரும்பலகை முழுக்க எழுதி வைத்திருந்தாள். பிளாஸ்மா கரண்ட், வெளிக்காயில் ஏறும்போது ஏறுகிறது, இறங்கும்போது இறங்குகிறது, நிழல் மாதிரி கூடவே போகிறது. ஏன் என்று நான்கு நாள் உட்கார்ந்து ஒரு விளக்கம் கண்டுபிடித்திருக்கிறாள். பதினோரு சமன்பாடுகள். சார் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். "தனி அத்தியாயமாவே எழுதும்மா!"

அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "தூங்கறியா இல்லியா?" என்றேன். "ஏதோ ஒண்ணு ஒட்ட மாட்டேங்குதுங்கக்கா" என்றாள்.

விளக்கம் அழகாகத்தான் இருந்தது. நான் பாதியிலேயே எழுந்து டீ போடப் போனேன். எல்லோருக்கும் தாகமாக இருக்கும்.

பிப்ரவரி 12, வியாழன்

பம்புக்காரர் திங்கட்கிழமை என்கிறார். சார் போனில் கத்தினார். குழு இருபத்துநாலாம் தேதி வருகிறது. பானையை வைத்துக்கொள்வதா மூடுவதா என்று அவர்கள்தான் சொல்லப்போகிறார்கள். அதற்குள் இன்னும் இருபது ஷாட்டாவது வேண்டும் என்று சார் துடிக்கிறார். ஷம்ஷாத் துடிக்கிறாள். எல்லோரும் பம்பு வர வேண்டும் என்று காத்திருக்கிறார்கள்.

நான் மட்டும், வராமல் இருந்தால் நல்லது என்று பஸ்ஸில் வரும்போது வேண்டிக்கொண்டேன். பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது. வேண்டிய பிறகுதான் என்ன வேண்டினேன் என்று உறைத்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பிப்ரவரி 14, சனி

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது டார்ச்சை எடுத்துக்கொண்டு பானைக்குப் பின்னால் போனேன்.

கரண்டை அளப்பது ஒரு மெல்லிய காயில். பானையின் உடம்பை வளைத்துக் கட்டியிருக்கும், மாலை என்போம். மாலை தனக்கு உள்ளே ஓடும் கரண்டை எல்லாம் கூட்டிச் சொல்லும். யாருடைய கரண்ட் என்று கேட்காது.

வெளிக்காயில் கம்பிகள் ஆறு. முன்பு மாலைக்கு வெளியே தரையில் கிடந்தன. இப்போது போல்ட்டைக் கழற்றி, மாலைக்கு அடியில் நுழைத்து, பானையோடு ஒட்டினாற்போல் இறுக்கிக் கட்டி, திரும்ப மாட்டியிருக்கிறது. ஆறும் மாலைக்கு உள்ளே போகின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டரை கிலோ ஆம்பியர் ஓடும்.

ஆறு இரண்டரை பதினைந்து.

பிப்ரவரி 15, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டையும் ஏமாற்ற எனக்குத் தெம்பில்லை.

இருபத்துநாலாம் தேதி நான் பட்டினி ஷாட் எடுக்கவில்லை. எடுத்ததாக டிக் மட்டும் இருக்கிறது. காலையில் லாக் ஷீட்டை எடுத்ததும் எல்லாக் கட்டத்துக்கும் வரிசையாக டிக் போட்டுவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகச் செய்வது என் பழக்கம். பதினான்கு வருடப் பழக்கம். டிக் போட்ட எதையும் செய்யாமல் விட்டதில்லை, அதனால் அது பொய் என்று தோன்றியதே இல்லை. அன்றைக்குக் கரண்ட் போனது, நேரம் போனது, தலை வலித்தது. பானையைப் பட்டினி போட மறந்துவிட்டு நான் பட்டினி கிடந்தேன்.

ஒரு டிக் என்றால் மறதி. ஃபைலை அனுப்பினேனே, அதற்கு என்ன பெயர்? எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஷம்ஷாத்திடம் சொல்லத்தான் போனேன். மாமியார் சம்மதித்துவிட்டாராம், அவள் முகமெல்லாம் சிரிப்பு. ஸ்வெட்டர் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று கேட்டாள். ஒப்பணக்கார வீதியில் ஒரு கடையைச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 18, புதன்

பம்பு வந்துவிட்டது. மாட்டியாகிவிட்டது. ஒழுகவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

இன்று ஷம்ஷாத்துக்கு முதல் நோன்பு. உதடு காய்ந்திருந்தாலும் உற்சாகமாக வந்தாள். சார், காளியப்பண்ணன், அவள், நான். பத்து மணிக்கு எல்லாம் தயார்.

"ஹைட்ரஜனைத் திறங்க அரசி" என்றார் சார்.

"இல்லீங்க சார். மொதல்ல பட்டினி ஷாட்."

அவர் லாக் ஷீட்டைப் பார்த்தார். "ஆச்சுன்னு டிக் போட்டிருக்குதே?"

குனிந்து பார்த்தேன். போட்டிருந்தது. இன்று காலையும் என் கை போட்டிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

"அது பொய்ங்க சார். செய்யறதுக்கு முன்னாடியே போட்டு வெச்சிருவேன். இருபத்தி நாலாந்தேதியும் அப்படித்தான். அன்னிக்குப் பட்டினி ஷாட் எடுக்கவே இல்லீங்க. ஷம்ஷாத்துக்கு அனுப்பின ஃபைலு இருபதாந்தேதியோடது. தெரிஞ்சேதான் அனுப்பினேன்."

நான் பொத்தானை அழுத்தினேன்.

கேமரா இருட்டாக இருந்தது. பானைக்குள் ஒன்றுமில்லை. திரையில் கோடு ஏறியது, ஏறி நின்றது. பதினைந்து புள்ளி நாலு.

"அம்மணி, உள்ள காத்தே வுடல, அப்புறம் எப்படிங்க கரண்ட்டு?" என்று காளியப்பண்ணன் கேட்டார். கம்பிகளைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நானா பண்ணினேன்?" இல்லைங்கண்ணா, நான் சொல்லித்தானே கட்டினீர்கள் என்றேன்.

சார் என்னைப் பார்க்காமல் வெளியே போய் வராந்தாவில் நின்றார்.

ஷம்ஷாத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "கோடு வெளிக்காயில் மாதிரியே போகுதேன்னு எனக்கு அப்பவே சந்தேகம். என் ப்ரோக்ராமை நாலு தடவ மொதல்லேர்ந்து எழுதினேன். கணக்குல தப்பா, மைக்ரோவேவ்ல தப்பா, இல்ல எனக்கு மூளையே இல்லியான்னு இருபத்தாறு நாளாத் தேடினேன். லாக் ஷீட்ட மட்டும் தேடல. அதுல நீங்க டிக் போட்டிருந்தீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"கழிச்சுப் பாக்கலாங்களா, மேடம்?" என்றாள்.

ஆறு வருடத்தில் அவள் என்னை மேடம் என்றது இதுதான் முதல் முறை. பழைய பதினெட்டிலிருந்து கழித்தோம். இரண்டு புள்ளி ஆறு.

பிப்ரவரி 20, வெள்ளி

லாக் ஷீட்டில் இருபத்துநாலாம் தேதி டிக்கைக் கோடு போட்டு அடித்து, "எடுக்கப்படவில்லை" என்று எழுதி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். காளியப்பண்ணன் ஆறு கம்பிகளையும் வெளியே எடுத்துவிட்டார்.

ராஜினாமாக் கடிதம் கொண்டுபோனேன். சார் வாங்கிப் படித்தார். "குழு முன்னாடி நிக்கறதுக்குப் பயந்துட்டு ஓடலாம்னு பாக்கறீங்களா? செவ்வாக்கெழம வந்து நில்லுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். கோபமாகத்தான் சொன்னார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

மூன்று பேர் வந்தார்கள். சார் இரண்டு கோடுகளையும் போட்டுக் காட்டினார், பதினெட்டையும் இரண்டு புள்ளி ஆறையும். ஓர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இந்தத் தவறை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். "எங்க அரசிதான்" என்றார் சார். நான் எழுந்து, "பண்ணினதும் நான்தாங்க" என்றேன்.

பானையை இப்போது மூடவில்லை. செப்டம்பரில் மறுபடி வந்து பார்ப்பார்களாம்.

ஷம்ஷாத் தவறு தெரிந்த அன்றைக்கே ஜெர்மனிக்கு எழுதிவிட்டாளாம். நானும் அவர்களுக்கு எழுதட்டுமா, தவறு முழுக்க என்னுடையது என்று சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாங்க மேடம்."

மார்ச் 10, செவ்வாய்

சமர்ப்பிக்க வேண்டிய நாள். அவள் சமர்ப்பிக்கவில்லை. இரண்டு அத்தியாயங்களை முதலிலிருந்து எழுதுகிறாள். ஜெர்மனியில் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சார்தான் சொன்னார். ஸ்வெட்டர் வாங்கியிருப்பாளா என்று கேட்க நினைத்தேன். கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

மார்ச் 13, வெள்ளி

லாக் ஷீட்டை ஷம்ஷாத் மாற்றி அச்சடித்திருக்கிறாள். டிக் கட்டமே இல்லை. பட்டினி ஷாட்டின் எண், நேரம், அளவு, இரண்டு கையெழுத்து. ஷாட் முடிந்தால் ஒழிய எழுதவே முடியாது. நான் முதல் தாளை எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 21, சனி

ரம்ஜான். இவருடைய போனுக்கு அஸ்லம் வாழ்த்து அனுப்பியிருந்தார். எனக்கு ஒன்றும் வரவில்லை. வரும் என்று ஏன் நாலு தடவை போனை எடுத்துப் பார்த்தேனோ.

மார்ச் 24, செவ்வாய். சஷ்டி

விரதம் இருக்கவில்லை. நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனேன். பானைதான் பட்டினி.

ஒன்பது நாற்பதுக்குப் பட்டினி ஷாட். அளவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். ஷம்ஷாத் தாளைப் பார்க்கவில்லை, திரைக்குப் போய்க் கோட்டைத் தானே பார்த்தாள், எண்ணைச் சரிபார்த்தாள், அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள். இனிமேல் அவள் இப்படித்தான் செய்வாள். செய்யட்டும், அதுதான் சரி.

பிறகு ஹைட்ரஜன். மைக்ரோவேவ் அலை நுழையும் கோணத்தைப் போன வாரம் கொஞ்சம் திருப்பி வைத்திருந்தாள். ஷாட் போனது. இந்த முறை கேமராவில் இதுவரை பார்க்காத வெளிச்சம் வந்தது, காளியப்பண்ணன் "ஏனுங்க!" என்று கத்தும் அளவுக்கு. திரையில் கோடு ஏறியது. ரொம்ப ஏறவில்லை. வெளிக்காயில் இறங்கிய பிறகும் அது இறங்காமல் தனியாக நின்றது.

அவள் குனிந்து படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"மூணு புள்ளி ஒண்ணு" என்றாள். "பட்டினியக் கழிச்சாச்சு. இது நம்முளுதுங்கக்கா."

அக்கா என்றாள். தெரிந்து சொன்னாளா, வாய் தவறி வந்ததா என்று தெரியவில்லை. லாக் ஷீட்டில் அதற்குக் கட்டம் இல்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.